குறுமரமும் பெருமிதமும்

பொழுதுபோக்குக் கலைகளை இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, சேர்க்கும் கலை. மற்றொன்று, வளர்க்கும் கலை. சேர்ப்பதற்குப் பணமும் இடமும் இருந்தால் போதும். வளர்ப்பதற்கோ பொறுமை வேண்டும்; நாள் தவறாத கவனிப்பு வேண்டும். ‘போன்சாய்’ எனப்படும் குறுமரக்கலை இவற்றுள் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆயினும், அது இன்று மெல்ல மெல்ல முதல் வகைக்கு இழுத்துச் செல்லப்படுகிறது. இழுத்துச் செல்வோர் அக்கலையின் பகைவர் அல்லர். அதன் அன்பர்களும், அவ்வன்பர்கள் அமைத்த கழகங்களும், அக்கழகங்கள் நடத்தும் கண்காட்சிகளுமே என்பதுதான் வருந்தத்தக்க செய்தி.

இக்கலையின் வரலாறு நெடியது. கி.பி. 706இல் அமைக்கப்பட்ட சீன இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு கற்களும் செடிகளும் அமைந்த தட்டம் ஒன்றைப் பணியாளர் ஏந்தி நிற்கக் காணலாம். சீனர் ‘பென்ஜிங்’ என வளர்த்த இதனை ஜப்பானியர் ஏற்றுத் தமக்கேயுரிய எளிமையோடு செம்மைப்படுத்தினர். இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்திலும்கூட ஓர் ஆலினச் செடியையோ காகிதப்பூச் செடியையோ தட்டத்தில் வைத்துப் போற்றுவோர் பல இனத்தவரிடையேயும் உளர். இஃது இன்பமான பொழுதுபோக்கு என்பதை மறுப்பதற்கில்லை. அந்த இன்பம் எதனால் கெடுகிறது என்பதே ஈண்டு எழும் வினா.

பொய்க் குற்றச்சாட்டு

முதற்கண் ஒரு வீண்பழியைத் துடைத்தல் வேண்டும். “மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குவது கொடுமை, முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் வழிவந்தோர் இதனைச் செய்யலாமா?” என்று கேட்போர் உண்டு. கேட்பதற்கு உருக்கமாக இருப்பினும் இவ்வாதம் உண்மையன்று. பட்டினி கிடக்கும் மரம் குறுகுவதில்லை; மடிந்துபோகும். குறுமரத்திற்கு உரமும் ஒளியும் குறைவின்றித் தரப்படுகின்றன. இந்நாட்டு வெயிலில் நாள்தோறும், சில நாள்களில் இருமுறையும், தண்ணீர் ஊற்றியாக வேண்டும். உரிய காலத்தில் தட்டத்திலிருந்து எடுத்து முதிர்ந்த வேர்களைக் கத்தரித்தால் புதிய மென்வேர்கள் தோன்றுகின்றன. கிளையை வளைக்கச் சுற்றும் கம்பி, பட்டையில் பதியுமுன் அகற்றப்படுகிறது. கவாத்துச் செய்யாமல் மல்லிகையில் மொட்டை எதிர்பார்ப்பவர் உண்டா? குறுமரத்தின் விதையை நிலத்தில் ஊன்றினால் அது முழுமரமாகவே எழும். அதன் இயல்பை எவரும் அழித்துவிடவில்லை. செம்மையாகப் பேணப்பெறும் குறுமரம் நூற்றாண்டுகளைக் கடந்தும் வாழ்கிறது. ஆகவே, கொடுமை மரத்தை வளைப்பதில் இல்லை. அது வேறிடத்தில் இருக்கிறது.

வாங்கியவர்க்கு மாலை

ஓர் அலுவலக எழுத்தரை எண்ணிப் பார்ப்போம். கைவிரல் நீளமுள்ள ஆலங்கிளை ஒன்றை நட்டு, இருபது ஆண்டுகள் அதன் வேரையும் கிளையையும் அவர் திருத்தி வந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்து மேசையில் ஒரு செல்வரின் மரம் இருக்கிறது. சென்ற மாதம் விலைகொடுத்து வாங்கி, கூலிக்கு ஆள் வைத்துக் கம்பி சுற்றி, கப்பலில் வந்த தட்டத்தில் அமர்த்தப்பட்ட மரம் அது. நடுவர்கள் மரத்தை மட்டுமே பார்க்கின்றனர். பரிசு செல்வருக்குப் போகிறது. மரத்தை உருவாக்கியவர் யார் என்று எந்தச் சீட்டும் சொல்வதில்லை. வாங்கும் திறனுக்கு மாலை சூட்டப்படுகிறது. வளர்க்கும் திறன் கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறது. இதைக் காணும் இளைஞன் என்ன பாடம் கற்பான்? விதை வாங்குவதைவிடக் காசோலை எழுதுவதே குறுக்குவழி என்பதைத்தானே!

இதற்கு விடையாக ஜப்பானைக் காட்டுவோர் உண்டு. 1934இல் தொடங்கி, போர்க்கால இடைவெளி நீங்கலாக, டோக்கியோ நகரின் உவேனோவில் ஆண்டுதோறும் நடைபெற்றுவரும் ‘கொக்குஃபு’ கண்காட்சியிலும் மரங்கள் உடைமையாளர் பெயரிலேயே வைக்கப்படுகின்றன. பல மரங்களைச் செப்பனிடுவோர் தொழிற்கலைஞர்கள். உண்மைதான். ஆனால், அங்கே புரவலர், கலைஞர் என்னும் இருவரையும் கொண்டதொரு பழைய மரபு இருக்கிறது. கலைஞர் அத்தொழிலால் வாழ்கிறார். அவர் கைவண்ணத்தை அத்துறையினர் அறிவர். இங்குள்ள கழகங்களோ வளர்ப்போர் கூடி, வளர்ப்போர்க்கென அமைத்தவை. புரவலர் மரபின் கடமைகளை விட்டுவிட்டு அதன் பெருமையை மட்டும் இரவல் வாங்குவது முறையாகாது.

கடற்கரையில் நடக்கும் கொள்ளை

இதனினும் பெரிய குற்றம் ஒன்று உண்டு. முறுக்கேறிய அடிமரமும் காற்றில் வளைந்த கிளையும் உடைய மரத்திற்கே கண்காட்சிகளில் மதிப்பு மிகுதி. அவ்வடிவைத் தொட்டியில் வருவிக்கப் பல்லாண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் காத்திருக்க மனமில்லாதவர் இயற்கை வளர்த்து வைத்ததைத் தோண்டி எடுத்துவருகின்றனர். ஜப்பானிலே இட்டோயிகாவா முதலிய மலைப்பகுதிகளில் விளைந்த காட்டுச் சூனிப்பர் மரங்கள் இவ்வாறே அருகிப்போயின.

இப்பகுதியில் அத்தீவினைக்கு இலக்கானது ‘மெந்திகி’ என மலாய் மொழியில் வழங்கும் கடற்கரைக் குறுமரம். உப்புக்காற்றையும் பாறையையும் தாங்கி, மிக மெதுவாக வளர்ந்து, இரும்பனைய வைரம் பெறுவது அது. அந்த அழகே அதற்குக் கூற்றுவனாயிற்று. சிங்கப்பூரில் அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. கரையோரங்கள் கட்டடங்களுக்கு இரையானதும் காரணந்தான். ஆயினும், எஞ்சியவற்றையும் மண்வெட்டியோடு தேடிச் செல்வோர் யார்? மரத்தின்மீது அன்புடையோம் எனச் சொல்லிக்கொள்வோர் அல்லரோ! தோண்டப்பட்ட முதுமரங்களில் தட்டத்தில் பிழைக்காமல் மடிபவை உண்டு. மடிந்தவை எந்தக் கண்காட்சிக்கும் வருவதில்லை. ஆகையால் அவற்றுக்காக யாரும் வருந்துவதும் இல்லை. மெந்திகியை விதையிலிருந்தும் வளர்க்கலாம். கூடுதலாக வேண்டுவது காலம் ஒன்றே. அக்காலத்தைத் தர மறுப்பவர் இக்கலைக்கு உரியவர்தாமா?

பூட்டிய கதவும் திறந்த கதவும்

தனியார் திரட்டுகளின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. உயர்ந்த மதிலுக்குப் பின்னால், உடைமையாளரும் அவர்தம் விருந்தினரும் மட்டுமே காணும் மரங்கள் உள்ளன. கதவை அடைப்போர்க்கும் காரணம் இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டு சனவரியில் ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து ஏழு குறுமரங்கள் களவு போயின. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 400 ஆண்டு வயதுடையது. பறிகொடுத்தவர்கள் உலகறியக் கேட்டுக்கொண்டது ஒன்று உண்டு: எடுத்தவர்கள் மரங்களுக்குத் தண்ணீராவது ஊற்ற வேண்டும் என்பதே அது. வளர்த்தவர் மனம் அவ்வாறுதான் பேசும். மரத்தை எப்பொழுதும் விலையால் பேசும் வழக்கம் இருக்குமானால், அப்பேச்சு கள்வர் செவியிலும் விழத்தானே செய்யும்?

அதே சைத்தாமாவில்தான் ஓமியா குறுமரச் சிற்றூரும் இருக்கிறது. 1923இன் பெருநிலநடுக்கத்திற்குப் பின்னர் டோக்கியோவை விட்டு நீங்கிய வளர்ப்போர் 1925இல் அமைத்த ஊர் அது. அங்குக் குடியேற அவர்கள் வகுத்த விதிகள் இன்றும் நினைக்கத்தக்கவை: பத்து மரங்களுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், மாடிவீடு கட்டலாகாது, மதிலுக்கு மாறாக உயிர்வேலி அமைக்க வேண்டும், காண வருவோர் அனைவர்க்கும் கதவு திறந்திருக்க வேண்டும். எல்லாம் இழந்து வந்தோர் வகுத்த விதிகள் இவை! எல்லாம் உடையோர் ஆண்டுக்கு ஒருநாளேனும் வாயிலைத் திறக்கலாகாதா?

செய்ய வேண்டுவன

“செல்வர் இல்லையேல் கண்காட்சி ஏது?” எனச் சிலர் கேட்கலாம். செல்வரை விலக்க வேண்டுவதில்லை. உண்மையை மறைக்காதிருந்தால் போதும். ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் அது எவ்வாறு தொடங்கியது, எவர் கையால் எத்தனை ஆண்டு வளர்ந்தது, இப்பொழுது எவருடையது என்பவற்றை எழுதி வைக்க வேண்டும். சொந்தக் கையால் வளர்த்த மரங்களுக்குத் தனிப்பிரிவும் தலையாய பரிசும் வேண்டும். இசைவின்றிக் காட்டிலும் கடற்கரையிலும் தோண்டியவற்றுக்கு மேடையில் இடமே கூடாது.

மரத்தின் வரலாறு அத்துணை இன்றியமையாததா என ஐயுறுவோர் வாஷிங்டனில் உள்ள வெள்ளைப் பைன் மரம் ஒன்றை எண்ணுக. 1625 முதல் பயிற்றப்பட்டது எனக் குறிக்கப்படும் அம்மரம், 1976இல் ஜப்பான் அமெரிக்காவுக்கு அளித்த 53 மரங்களுள் ஒன்று. கால் நூற்றாண்டுக் காலம் மக்கள் அதனை அழகிய முதுமரமாக மட்டுமே கண்டு சென்றனர். 2001இல் அதனைப் பேணிய குடும்பத்துப் பேரர் இருவர் வந்து சொன்ன பிறகே, 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பிய மரம் அது என்பது அங்கு வெளிப்பட்டது. அன்று அம்மரத்தில் ஓர் இலையும் மாறவில்லை. பார்ப்போரின் கண்தான் மாறிற்று. தன் நகரை அழித்த நாட்டிற்கே ஒரு குடும்பம் தன் தலைமுறைகளின் உழைப்பைக் கொடையாக ஈந்தது அப்போதுதான் புலனாயிற்று.

குறுமரம் என்பது தட்டத்தில் அமர்ந்த காலம். காலத்தை விலைக்கு வாங்கவும் இயலாது. தோண்டி எடுக்கவும் இயலாது. கழகங்கள் இதனை உணர்ந்து வளர்த்தவரின் பெயரை முதலில் எழுதுமாயின், அந்த எழுத்தரின் ஆலமரம் அடுத்த கண்காட்சியில் தலைநிமிர்ந்து நிற்கும். கடற்கரை மெந்திகியும் தன் பாறையிலேயே நிலைத்து நிற்கும்.