மானேஜர் தானாக உருவாகமாட்டார்

பனமரத்துப்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் கடை நடத்தும் நம் உறுப்பினர்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் பத்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் உங்கள் கடை எப்படி நடக்கும்?

செவ்வாய்ப்பேட்டையில் துவரம்பருப்பு விலை இறங்கும்போல் இருக்கிறது. ஐந்து மூட்டை எடுப்பதா, ஒன்றோடு நிறுத்துவதா? பழைய பாக்கி வைத்திருப்பவர் கல்யாணச் சரக்குக்குச் சீட்டு எழுதி நீட்டுகிறார். கொடுப்பதா, மனம் நோகாமல் மறுப்பதா? இதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரிந்த இன்னொருவர் கடையில் இருக்கிறாரா?

பெரும்பாலான கடைகளில் இல்லை. பத்து வருடம் வேலை பார்த்தவர் எடை போடுவதிலும் பொட்டலம் கட்டுவதிலும் கெட்டிக்காரராக இருப்பார். முடிவெடுக்க வேண்டிய இடம் வந்தால், "முதலாளி வரட்டும்" என்பார். குற்றம் அவருடையதல்ல. வேலை கொடுத்தோம், சம்பளம் கொடுத்தோம். நாம் ஏன் அந்த முடிவை எடுத்தோம் என்பதை மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

ஆளை ஆளாக்கும் கலை நம் நாட்டு வணிகர்களுக்குப் புதிதல்ல. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய முறையைப் பாருங்கள். 1930-ஆம் ஆண்டு வாக்கில் பர்மாவில் மட்டும் அவர்களுக்குச் சுமார் 1,650 கடைகள் இருந்தன. முதலாளி காரைக்குடிப் பக்கத்தில் இருப்பார். கடை கடல் கடந்து இருக்கும். தொலைபேசியில் கேட்டு முடிவெடுக்க வழியில்லை. ஆகவே முடிவெடுக்கத் தெரிந்த மேலாள் ஒருவர் அங்கேயே இருந்தாக வேண்டும்.

அவரை எப்படி உருவாக்கினார்கள்? சிறு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேருவார். எடுபிடி வேலையோடு மனக்கணக்கும் பேரேடும் பழகுவார். பிறகு அடுத்தாள் ஆவார். மேலாளின் பக்கத்திலேயே இருந்து, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரிடம் எப்படி வசூலிப்பது என்று பார்த்துப் பார்த்துத் தேறுவார். அதன் பிறகே மேலாள் பதவி. பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. அந்தத் தொழிலால் பர்மா விவசாயிக்கு நேர்ந்த நன்மை தீமை வேறு விவாதம். ஆள் பழக்கிய முறையில் நமக்குப் பாடம் இருக்கிறது. ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்' நாவலில் பினாங்கு வட்டிக்கடை வாழ்க்கையைப் படிக்கலாம். அவரே 1938-இல் மேடான் நகருக்குக் கடை வேலைக்குப் போனவர்.

இதே வேலையை இன்று பெரிய கம்பெனிகள் பணம் செலவழித்துச் செய்கின்றன. ஒரு நிர்வாகிக்கு ஒரு பயிற்சியாளர் என்று தனியாக அமர்த்துகிறார்கள். கூகுள் கம்பெனியின் தலைமைப் பொறுப்பை 2001-இல் ஏற்ற எரிக் ஷ்மிட்டுக்கு, பில் கேம்பல் என்பவர் அப்படி வாய்த்தார். கேம்பல் முன்பு கல்லூரிக் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். "எனக்கெதற்குப் பயிற்சியாளர்?" என்றுதான் ஷ்மிட் முதலில் நினைத்தாராம். பின்னாளில், தமக்குக் கிடைத்த ஆலோசனைகளில் அதுவே சிறந்தது என்று அவரே சொன்னார். அவ்வளவு பெரிய நிர்வாகிக்கே தேவைப்பட்டது, நம் கடைப் பையனுக்கு வேண்டாமா?

நாம் செய்ய வேண்டியது சிறிய காரியம். வாரத்தில் ஒரு நாள், வியாபாரம் ஓய்ந்த மதிய நேரத்தில் அரை மணி. நம்பிக்கையான ஒரே ஒருவரோடு, மற்றவர்கள் இல்லாமல் உட்காருங்கள். அந்த வாரத்துக் கணக்கை முன்னால் வையுங்கள். "எந்தச் சரக்கு தேங்கியது? ஏன்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். பிறகு உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். அடுத்த மாதம் ஒரு பொருளின் கொள்முதலை, சோப்போ பிஸ்கட்டோ, முழுதாக அவரிடமே விடுங்கள். நஷ்டம் வந்தாலும் சிறு தொகையே. அந்தப் பாடம் ஆயுளுக்கும் நிற்கும். வாடிக்கையாளர் எதிரில் திட்டுவதை மட்டும் அடியோடு நிறுத்திவிடுங்கள். திட்டு வாங்கியவர் அடுத்தமுறை முடிவெடுக்கத் துணியமாட்டார்.

"தொழில் கற்றுக்கொண்டு எதிரிலேயே கடை போட்டுவிட்டால்?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். நகரத்தாரிடம் மேலாளாக இருந்தவர்களிலும் பலர் பின்னாளில் சொந்தக் கடை கண்டார்கள். அதனால் அந்தத் தொழில் அழியவில்லை, பெருகியது. உங்களிடம் பழகியவர் பக்கத்து ஊரில் கடை வைத்தால் மொத்தச் சரக்குக்கு முதலில் உங்களைத்தான் தேடி வருவார். கற்றுக்கொடுக்காவிட்டாலும் அவர் நிற்கப்போவதில்லை; சேலத்துச் சூப்பர் மார்க்கெட்டுக்கு நூறு ரூபாய் அதிகச் சம்பளத்துக்குப் போய்விடுவார்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கல்லாவைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருக்கும் மூத்த வியாபாரிகள் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் ஆளுக்கு ஓர் இளைஞரை, சொந்தப் பிள்ளையல்லாத ஒருவரை, ஓராண்டுக்கு ஏற்றுக்கொண்டு மாதம் இருமுறை பேசட்டும். கட்டடமோ கட்டணமோ தேவையில்லை. அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்துப் பெயர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.