மண்ணில் எழும் அலை

1934-ம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி பிற்பகலில் பீஹாரும் நேபாளமும் குலுங்கின. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒன்பது நாட்கள் கழித்து, ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்துகொண்டிருந்த மகாத்மா காந்தி திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமைப் பாவத்திற்காக ஆண்டவன் அளித்த தண்டனையே அந்தப் பூகம்பம் என்றார். அவரிடம் பெருமதிப்புக் கொண்டிருந்த கவி ரவீந்திரநாத் தாகூர் இதை ஒப்பவில்லை. இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையிலேயே காரணம் தேட வேண்டும் என்று எழுதினார். அந்த மறுப்பைக் காந்தியடிகள் தமது 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே பிரசுரித்துப் பதிலும் எழுதினார். அபிப்பிராய பேதத்தை இவ்வளவு கண்ணியமாக நடத்திக்கொண்ட பெரியோர்களைப் பெற்ற தேசம் நம்முடையது.

தீண்டாமை பாவம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாவம் தேசமெங்கும் பரவியிருக்க, இடிந்த வீடுகள் மட்டும் சில இடங்களிலே குவிந்தது ஏன்? இதற்கு மண் சொல்லும் விடையைக் கேட்போம்.

பூமிக்குள் பாறை முறிந்து நழுவும்போது அதிர்ச்சி அலைகளாகப் புறப்படுகிறது. முதலில் வருவது அமுக்க அலை. வரிசையாக நிற்கும் பிள்ளைகளில் கடைசிப் பையனைத் தள்ளினால், அந்தத் தள்ளல் முதற் பையன் வரையில் போய்ச் சேருமே, அதைப் போன்றது. விநாடிக்குச் சுமார் 4 மைல் ஓடும். அடுத்தது, கிணற்றுக் கயிற்றை உதறினாற்போல் குறுக்கே ஆட்டும் அலை. அதன் வேகம் 2 மைலுக்குச் சற்று அதிகம். இவ்விரண்டும் பூமியின் உள்ளே பாய்பவை. இவற்றுக்குப் பின்னால், நிதானமாக, பூமியின் மேற்புறத்தைத் தழுவிக்கொண்டு வருகின்றன மேற்பரப்பு அலைகள். பின்னால் வருவதால் இளைத்தவை என்று எண்ணிவிடலாகாது.

இவை இரு வகை. ஒன்று, 1885-ல் லார்டு ராலே என்னும் ஆங்கில விஞ்ஞானி கணக்கினாலேயே கண்டு சொன்னது. அது கடந்து செல்லும்போது நிலம் நீரைப்போல் ஏறி இறங்கும். ஒவ்வொரு மண் துகளும் நீள்வட்டமாகச் சுழலும். இதில் ஒரு விந்தை உண்டு. நீரலையின் முகட்டில் உள்ள துளி, அலை போகும் திசையிலேயே நகரும். ராலே அலையின் முகட்டில் மண்ணோ பின்னோக்கி நகரும். மற்றொன்று, 1911-ல் லவ் என்னும் கணித அறிஞர் விளக்கியது. இதில் ஏற்றமும் இறக்கமும் இல்லை. பாம்பு நெளிவதுபோல் தரை இடமும் வலமும் நெளியும். நேர்கீழாகச் சுமை தாங்கவே கட்டிய செங்கற் சுவர் இந்தப் பக்கவாட்டு இழுப்பைப் பொறுக்காது. 1897-ல் நேர்ந்த அஸ்ஸாம் பூகம்பத்தை ஆராய்ந்த இந்தியப் பூகர்ப்ப இலாகா அதிகாரி ஓல்டாம் என்பவரே, தூரதேசக் கருவிகள் வரைந்த கோடுகளில் அமுக்க அலை, குறுக்கலை, மேற்பரப்பு அலை மூன்றையும் பிரித்தறிந்து 1900-ல் வெளியிட்டார்.

உள்ளே பாயும் அலை எல்லாத் திக்கிலும் ஆழத்திலும் பரவித் தன் பலத்தைச் சிதறவிடுகிறது. மேற்பரப்பு அலையோ, தெப்பக்குளத்தில் கல்லெறிந்தாற்போல் மேற்புறத்தில் மட்டும் வட்டமிட்டு விரிவதால், வெகுதூரம் சென்றும் அவ்வளவாகக் குன்றுவதில்லை. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுமத்ராவில் எழுந்த அலைகள் பூமியையே பன்முறை சுற்றின. ஒரு சுற்றுக்குச் சுமார் மூன்று மணி நேரம்!

இனி மண்ணின் பங்கு. கடலலை ஆழமற்ற கரையை அணுகும்போது வேகம் குறைந்து உயர்ந்தெழுவதை நாம் பார்த்திருக்கிறோம். நில அலையும் அப்படியே. கெட்டிப் பாறையில் விரைந்து வந்தது, நதி கொண்டுவந்து கொட்டிய இளகிய வண்டலில் புகுந்ததும் வேகம் தளர்கிறது, ஆட்டம் பெருகுகிறது. படுகையின் ஓரங்களில் மோதித் திரும்பி நெடுநேரம் அங்கேயே உழல்கிறது.

பீஹார் பூகம்பம் பிறந்த இடம் எவரெஸ்ட் சிகரத்துக்குத் தெற்கே, கிழக்கு நேபாளத்தில் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டுகிறது. ஆயினும் பெருஞ் சேதம் கண்டவை வட பீஹாரின் வண்டல் சமவெளி, கங்கைக் கரையிலுள்ள முங்கேர், பழைய ஏரிப் படுகைமீது அமைந்த காத்மாண்டுப் பள்ளத்தாக்கு ஆகியவை. வட பீஹாரில் சுமார் 190 மைல் நீளமுள்ள ஒரு பிரதேசத்தில் நீரூறிய மண் குலுக்கலில் குழம்பாகி, வீடுகள் சாய்ந்து அமிழ்ந்தன. பிளவுகளிலிருந்து மணலும் நீரும் பீறிட்டன. கிணறுகள் தூர்ந்தன. அலை ஜாதியைப் பார்க்கவில்லை. காலடி மண்ணைப் பார்த்தது.

2001-ம் வருஷம் குடியரசு தினத்தன்று கட்ச் பூகம்பத்திலும் இதே பாடம். சுமார் 150 மைலுக்கு அப்பால், சபர்மதியின் வண்டல்மீது நிற்கும் ஆமதாபாத்தில் பல மாடி வீடுகள் சரிந்தன. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசைய உந்தினால் சிறு குழந்தையின் கையும் பெரும் வீச்சைத் தருமல்லவா? நெடுந்தூரம் வந்த அலையின் நிதானமான ஆட்டம் உயர்ந்த கட்டடத்தின் ஆட்டத்துக்கு இசைந்துவிடுகிறது. மோட்டார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றி வெறுந் தூண்கள்மீது விட்டிருந்தது ஆபத்தை அதிகப்படுத்திற்று.

பூகம்பத்தைத் தாங்கும் கட்டட விதிகள் நம் தேசத்தில் 1962-லேயே வகுக்கப்பட்டன. மனை வாங்கப் போகிறவர்கள் திசை கேட்கிறார்கள், வாஸ்து கேட்கிறார்கள். கீழே பாறையா, வண்டலா, தூர்த்த ஏரியா என்று கேட்பவர் எத்தனை பேர்? தீண்டாமையை ஒழிக்க வேண்டியது, அது அநீதி என்பதற்காகவே. பூகம்பத்துக்கு அஞ்சி அன்று. பூகம்பத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டிய இடம் அஸ்திவாரம்.