எந்த ஏட்டில் உள்ளது?



கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள எங்கள் திருமழபாடியின் வைத்தியநாதர் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1012-13) விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுக்கச் செய்தான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், அந்த ஏட்டைப் பார்த்தே புதிய சுவரில் அவற்றை மீண்டும் வெட்டினார்கள். ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு ஏடுகள் இருந்திருந்தால் கல்தச்சர் எதை நம்பியிருப்பார்?

கணிப்பொறியில் இந்தச் சங்கடம் அடிக்கடி நேர்கிறது. சில மென்பொருள்களை மூலநிரலாகவே பெற்று, நம் கணிப்பொறியில் நாமே உருவாக்கிக்கொள்ளலாம். மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது நிரல்பெயர்ப்பி. எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று அதற்குச் சொல்லும் ஏடுதான் தலைப்புக் கோப்பு.

ஒரு சோதனை செய்யுங்கள். லினக்ஸில் சி மொழி நிரல் ஒன்றில் கணிதத் தலைப்புக் கோப்பைச் சேர்த்து, எல்லாச் சார்புகளுக்கும் வெளியே ‘ஒய்1’ என்ற மாறியை அறிவியுங்கள். நிரல்பெயர்ப்பி பிழை காட்டும். காரணம் என்ன? அந்தக் கோப்பில் ‘ஒய்1’ ஏற்கெனவே பெசல் சார்பு ஒன்றின் பெயர்! மாறியின் பெயரை மாற்றினால் தீர்ந்தது.

பிழை காட்டாத மோதலே ஆபத்தானது. பழைய தலைப்புக் கோப்பு, ஒரு துகளுக்கு மூன்று எண்கள், அதாவது 24 பைட்டுகள் என்கிறது. புதியது, காலத்தையும் சேர்த்து நான்கு எண்கள், 32 பைட்டுகள் என்கிறது. நிரலின் ஒரு பாதி பழையதையும் மறுபாதி புதியதையும் படித்தால், நிரல் ஓடும். விடை தவறாக வரும். நிரல்பெயர்ப்பி கோப்புறைகளை வரிசையாகத் தேடி, முதலில் கிடைப்பதையே எடுத்துக்கொள்கிறது. என்றோ நிறுவி மறந்த பழைய பதிப்பு முன்னே நின்றால் அதுவே வெல்லும்.

பிழைச்செய்தி வந்ததும் இடிக்கிற வரியை அழித்துவிடும் மாணவர்கள் பலர். கிடைத்த கோப்பை எடுத்துப் பழையதன்மேல் எழுதிவிடுவோரும் உண்டு. இது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. வெப்பமானி காய்ச்சலைக் காட்டுகிறது என்று வெப்பமானியை உடைப்போமா?

முதலில் செய்தியை முழுவதும் படியுங்கள். கோப்பின் பெயரும் வரி எண்ணும் அதிலேயே இருக்கும். எந்தெந்தத் தலைப்புக் கோப்புகள் படிக்கப்பட்டன என்ற பட்டியலையும் நிரல்பெயர்ப்பியிடமே கேட்டுப் பெறலாம். பிறகு, வேண்டாத பதிப்பை முறைப்படி நீக்குங்கள். அல்லது சரியான கோப்புறையை முன்னே தேடச் சொல்லுங்கள். பாதியில் நின்ற உருவாக்கத்தைத் துடைத்துவிட்டு, தொடக்கத்திலிருந்து மீண்டும் உருவாக்குங்கள்.

இதற்கு அரை மணி நேரம் கூடுதலாகச் செலவாகலாம். ஆனால் “எப்படியோ ஓடிவிட்டது” என்பது அறிவியல் அன்று. ஏன் ஓடவில்லை என்று கண்டறிவதே அறிவியல். சுவரைத் தொடுமுன் ஏட்டைச் சரிபார்ப்போம்.