பார்த் சொல்லாததும் நாம் எழுதியதும்

பல வருடங்களுக்கு முன்பு ஒரு சிற்றிதழில், நாவல் இறந்துவிட்டதென 1967ஆம் ஆண்டிலேயே ஜான் பார்த் அறிவித்துவிட்டார் என்று நாம் எழுதினோம். யாரும் மறுக்கவில்லை. எங்கள் வாசகர்களில் எவரும் பார்த்தின் அந்தக் கட்டுரையைப் படித்திருக்கவில்லை. எழுதிய நாமும் படித்திருக்கவில்லை என்பதே வெட்கத்துக்குரிய செய்தி. ஒரு துணைநூலில் கிடந்த இரண்டு வரிச் சுருக்கம் போதுமானதாக இருந்தது.

பின்னாளில் மூலக் கட்டுரை கைக்கு வந்தது. 'தி அட்லாண்டிக்' இதழில் வெளிவந்த 'தீர்ந்துபோதலின் இலக்கியம்' எனும் அக்கட்டுரை, பெரும்பகுதியும் போர்ஹெஸைக் கொண்டாடுவது. சில வடிவங்கள் ஒரு காலகட்டத்தில் பயன்பட்டுத் தேய்ந்துபோகலாம், அதற்காக ஒருவர் ஒப்பாரி வைக்கத் தேவையில்லை, தேர்ந்த கலைஞன் அந்தத் தேய்வையே தன் பொருளாக்கிப் புதிய ஒன்றைப் படைப்பான் என்பதே பார்த்தின் வாதம். 'டான் கிஹோத்தே'யை வரிக்கு வரி மறுபடி எழுதத் துணியும் பியர் மெனார் என்பவனைப் பற்றி போர்ஹெஸ் எழுதிய கதைதான் அவருக்கு முதன்மையான சான்று. 1980இல் பார்த்தே அதே இதழில் 'மீள்நிரப்பலின் இலக்கியம்' எழுதி, முந்தைய கட்டுரை பரவலாகத் தவறாக வாசிக்கப்பட்டது என்று சலித்துக்கொண்டார். தீர்ந்துபோனது மொழியுமன்று, இலக்கியமுமன்று, உயர்நவீனத்துவத்தின் அழகியலே என்று விளக்கினார். கால்வினோவையும் கார்சியா மார்க்கேஸையும் முன்மாதிரிகளாகக் காட்டினார். 2024இல் அவர் மறைந்தார். நமது பிழை இன்னும் மறையவில்லை. அந்த ஒற்றை வரி இன்றும் கட்டுரைகளிலும் மேடைகளிலும் உலவிக்கொண்டுதான் இருக்கிறது.

இது நம் ஒருவரின் சோம்பலென்றால் இங்கே எழுதியிருக்க மாட்டோம். அமெரிக்கப் பின்நவீனத்துவ இலக்கியம் பயிலப்படும் முறையே இந்தச் சோம்பலை வளர்க்கிறது என்பது நமது குற்றச்சாட்டு. நமது பல்கலைக்கழகங்களின் முதுகலை ஆங்கிலத்தில் அமெரிக்க இலக்கியம் ஒரு தாள். பின்நவீனத்துவம் அதில் ஒரு பட்டியலாக வந்து சேர்கிறது: மீபுனைவு, பகடி, துண்டாடப்பட்ட காலம், நம்பத்தகாத கதைசொல்லி, தன்னைத்தானே சுட்டும் பிரதி. மீபுனைவு என்ற சொல்லை 1970இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் காஸ் என்று மாணவர் சரியாக விடையளிப்பார். காஸின் ஒரு பக்கத்தையேனும் வாசித்திருக்க வேண்டிய அவசியம் அவருக்கு நேர்வதில்லை. சிற்றிதழ்க்காரர்கள் இந்த மாணவரைப் பார்த்து நகைக்க வேண்டாம். தொண்ணூறுகளில் நாம் லியோதாரிலிருந்து தொடங்கினோம். அவரது 'பின்நவீனத்துவ நிலை' (1979) கியூபெக் அரசின் பல்கலைக்கழகக் குழுவுக்காக, கணினிமயமாகும் சமூகங்களில் அறிவின் நிலை குறித்து எழுதப்பட்ட அறிக்கை. அதை வைத்துக்கொண்டு பிஞ்சனின் நாவலுக்குத் தீர்ப்பு வழங்கிய தைரியம் நம்முடையது.

பட்டியலால் என்ன கேடு? ஒரு கார் விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். எண்பதுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இசுஸு நிறுவனத்தின் விற்பனையாளன் ஒருவன் கூசாமல் பொய்களை அடுக்குவான். அவன் பொய் சொல்கிறான் என்று திரையின் கீழே எழுத்துகள் ஓடும். நம்பத்தகாத கதைசொல்லி இருக்கிறான். பகடி இருக்கிறது. பிரதி தன்னைத்தானே அம்பலப்படுத்திக்கொள்கிறது. பட்டியலின்படி அது முழுமையான பின்நவீனத்துவப் படைப்பு. பார்ப்பவன் தான் ஏமாறவில்லையென்று மகிழ்ந்து சிரிக்கிறான். சிரித்துவிட்டுக் காரை வாங்கச் செல்கிறான்.

இந்த விளம்பரத்தை நமக்குக் காட்டியவர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ். தொலைக்காட்சியும் அமெரிக்கப் புனைவும் பற்றி 1993இல் அவர் எழுதிய நெடிய கட்டுரையை, வாதிடக் கற்க விரும்பும் எவரும் குறைந்தது இருமுறை வாசிக்க வேண்டும். முந்தைய தலைமுறையினர் போலித்தனத்தைத் தோலுரிக்க முரண்நகையைக் கையாண்டனர், இன்று தொலைக்காட்சி அதே முரண்நகையை விழுங்கித் தன் கவசமாக்கிக்கொண்டது, ஆகவே அது இனி எதையும் உடைக்காது என்பது அவரது வழக்கு. இதை நேரடியாகச் சொல்லியிருந்தால் பழைய ஒழுக்கவாதி என்று ஒதுக்கியிருப்போம். அவர் அப்படித் தொடங்குவதில்லை. எழுத்தாளர்கள் பிறரை ஒளிந்து பார்ப்பவர்கள், தாம் பார்க்கப்படுவதை வெறுப்பவர்கள், அத்தகையோருக்குத் தொலைக்காட்சியைவிட வசதியான சன்னல் உண்டா என்று, தன்னையே முதல் குற்றவாளியாகக் கூண்டிலேற்றித் தொடங்குகிறார். அந்த வாக்குமூலத்தைக் கேட்டபின், அவர் நம் பக்கம் விரல் நீட்டும்போது எழுந்து போக முடிவதில்லை.

இனி இதே கட்டுரையை அமெரிக்கப் பள்ளி கற்பிக்கும் முறையில் அணுகினால் என்னாகும்? பேசுபவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் என்று அரிஸ்டாட்டிலின் மூன்று சீட்டுகளையும் எடுத்து வரிகளின்மேல் ஒட்டுவார்கள். அங்கு உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் 'ஏபி ஆங்கில மொழி'த் தேர்வில் மூன்று கட்டுரைகள் உண்டு. 2019-20 கல்வியாண்டிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஆறு மதிப்பெண். மையக்கருத்துக்கு ஒன்று, சான்றுக்கும் விளக்கத்துக்கும் நான்கு, சிந்தனை முதிர்ச்சிக்கு ஒன்று. முதிர்ச்சிக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஒற்றை மதிப்பெண்ணை எண்ணி நாம் சிரித்திருக்கிறோம். மலையாகக் குவியும் விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியருக்கு ஓர் அளவுகோல் தேவை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அளவுகோலுக்கேற்ற கட்டுரையையே மாணவர் எழுதப் பழகுகிறார்: முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை. மையக்கருத்து முதல் பத்தியின் கடைசி வரியில் நிற்க வேண்டும். அதை முடிவுரை மறுபடி சொல்ல வேண்டும். அவருக்கு அந்தக் கருத்தில் நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. இத்தகைய கட்டுரையை இன்று இயந்திரம் அரை நிமிடத்தில் எழுதித் தருகிறதே என்று புலம்புகிறவர்கள், மாணவரை முதலில் இயந்திரமாக்கியது யார் என்றும் யோசிக்கலாம்.

வாசிக்காமல் எழுதுவதன் முழு வரலாற்றையும் ஒருவர் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறார். வில்லியம் காடிஸின் 'தி ரெகக்னிஷன்ஸ்' 1955இல் வந்தது, 956 பக்கங்கள். மதிப்புரைகள் அதைக் கிட்டத்தட்டப் புதைத்தன. ஜாக் கிரீன் என்ற புனைபெயரில் எழுதிய ஒரு வாசகர், 1962இல் தானே அச்சிட்டு வெளியிட்ட இதழில், அந்த 55 மதிப்புரைகளையும் வரிசையாக எடுத்துப் பிரித்தார். பெரிய எழுத்துகள் இல்லாத, நிறுத்தக்குறிகளைக் கண்டுகொள்ளாத கோபமான உரைநடை. யார் புத்தகத்தை முடிக்கவில்லை, யார் மேலட்டை வாசகத்தைத் தன் சொல்லாக எழுதினார், யார் இன்னொருவரைப் பார்த்து எழுதினார் என்று மேற்கோள் காட்டிக் காட்டி நிரூபித்தார். தகுதியான மதிப்புரை என்று அவர் ஒப்புக்கொண்டவை இரண்டே. தலைப்பே அந்த அயோக்கியர்களை வேலையைவிட்டு நீக்கச் சொல்லும் கூச்சல்தான். எந்த எழுத்துப் பயிற்சி வகுப்பும் இத்தகைய நடையை அனுமதிக்காது. ஆயினும் நாம் அறிந்த இலக்கியக் கண்டனங்களில் இதைவிட வலுவான சான்றுகளோடு எழுதப்பட்டது அரிது. கோபம் அதன் மேற்பரப்பு மட்டுமே, அடியில் இருப்பது ஒரு கணக்கரின் பொறுமை.

அதே காடிஸை எதிர்த்து எழுதிய ஜோனதன் ஃபிரான்ஸனையும் இங்கே சொல்ல வேண்டும். 2002இல் 'தி நியூ யார்க்கர்' இதழில், கடினமான நாவல் வாசகனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறுகிறது என்று அவர் எழுதியதை நாம் ஏற்கவில்லை. பென் மார்க்கஸ் 2005இல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் எழுதிய பதிலே நமக்கு உவப்பு. ஆனால் ஃபிரான்ஸன் 'தி ரெகக்னிஷன்ஸ்' நாவலை முழுதாகப் படித்தவர். 'ஜே ஆர்' நாவலைப் பாதியில் விட்டதையும் ஒளிக்காமல் சொன்னவர். அவரோடு சண்டை போடலாம்.

சண்டை என்றதும் 1978 நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு ஜான் கார்ட்னர் 'ஒழுக்கப் புனைவு பற்றி' எனும் நூலில் பார்த், பிஞ்சன் உள்ளிட்ட சமகாலத்தவரைச் சாடினார். (இதே கார்ட்னர்தான் 1971இல் 'பியோவுல்ஃப்' காவியத்தை அரக்கன் கிரெண்டலின் வாய்மொழியாகத் திருப்பி எழுதியவர். பட்டியல் இவரை எந்தப் பக்கம் நிறுத்தும்?) சின்சினாட்டி பல்கலைக்கழக மேடையில் அவரும் காஸும் மோதிக்கொண்டனர். தன் போயிங் 707 பறக்கும், காஸின் விமானமோ பொன் வேய்ந்த பாரத்தில் தரையைவிட்டு எழாது என்றார் கார்ட்னர். காஸ் மறுக்கவில்லை. தன் விமானம் பாறைபோல் அங்கேயே இருக்க வேண்டும், எல்லோரும் அது பறப்பதாக எண்ண வேண்டும், அதுவே தன் விருப்பம் என்றார். எதிராளியின் உவமையை அப்படியே வாங்கித் தன் அழகியலின் வரையறையாக ஆக்கிக்கொண்டார். அந்த ஒரு பதிலில் மீபுனைவு பற்றிக் கிடைக்கும் தெளிவு எந்தத் துணைநூலிலும் நமக்குக் கிடைத்ததில்லை.

ஆகவே பாடத்திட்டம் வகுப்போருக்கும் சிற்றிதழ் நடத்துவோருக்கும் நமது கோரிக்கை ஒன்றுதான்: பட்டியலைக் கிழித்துவிட்டு இந்தச் சண்டைகளை மூலத்தில் படிக்கக் கொடுங்கள். நாவல்கள் தாமே பின்னால் வரும். இதற்கு மறுப்பு வந்தால் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம். ஒரே நிபந்தனை, மறுப்பவர் பார்த்தின் இரண்டு கட்டுரைகளையும் படித்திருக்க வேண்டும். சுருக்கத்தைப் படித்துவிட்டு எழுதுபவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. நாம் அப்படி எழுதியவர்கள்.