நேரா ஐ.வி.எஃப் போயிடலாமா? கையெழுத்துப் போடும் முன் உங்க ஃபைல்ல இருக்க வேண்டிய டெஸ்ட்கள்!

எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் இப்போது ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே நம்மை வரவேற்கிறது. கருத்தரிப்பு மையத்தின் பேனர்! ‘இலவச ஆலோசனை முகாம்’, ‘தவணை வசதி உண்டு’ என்றெல்லாம் போட்டிருப்பார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டி, “என்ன, விசேஷம் ஏதும் இல்லையா?” என்ற கேள்விக்குப் பயந்தே சொந்தக்காரர் வீட்டு ஃபங்ஷனைத் தவிர்ப்பவர்களுக்கு, அந்தச் சிரிப்பைக் கடந்து போவது சுலபமில்லை.

ஒருநாள் துணிந்து உள்ளே போகிறீர்கள். மனைவிக்கு ஒரு ஸ்கேன், ஒரு ரத்தப் பரிசோதனை. “முட்டை இருப்பு கம்மியா இருக்கு. லேட் பண்ண வேண்டாம், நேரா ஐ.வி.எஃப் போயிடலாம்” என்கிறார்கள். கையில் ஒரு பேக்கேஜ் பேப்பர். ஒரு சைக்கிளுக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று தொகை. நகையை அடகு வைக்கலாமா, பி.எஃப் எடுக்கலாமா என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

இதற்கு நேரெதிர் கதையும் உண்டு. மூன்று மருத்துவமனை, முப்பது டெஸ்ட், ஒரு கட்டைப்பை நிறைய ஃபைல். எதற்கு எதை எடுத்தார்கள் என்றே தெரியாது. நடுவில் இரண்டு வருஷம் ஓடியிருக்கும்.

முதல் தம்பதிக்கு டெஸ்ட் குறைவு, இரண்டாவது தம்பதிக்கு டெஸ்ட் அதிகம். அப்போ எத்தனை டெஸ்ட் எடுத்தா போதும்? எண்ணிக்கையில் இதற்குப் பதில் இல்லை. ஒரு டெஸ்ட்டின் ரிசல்ட்டைப் பொறுத்து சிகிச்சையின் ரூட் மாறும் என்றால், அதை எடுக்காமல் ஐ.வி.எஃப் பக்கம் போகக் கூடாது. ரிசல்ட் எப்படி வந்தாலும் ஒரே முடிவுதான் என்றால், அந்த டெஸ்ட்டுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் இப்போ இந்தப் பேச்சு?

உலக சுகாதார நிறுவனம் குழந்தையின்மைக்கென்றே தன் முதல் உலகளாவிய வழிகாட்டுதலை 2025 நவம்பரில்தான் வெளியிட்டது. உலகில் 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தப் பிரச்னையைச் சந்திக்கிறார் என்பது அவர்கள் கணக்கு. காரணத்தைக் கண்டுபிடித்து, எளிய சிகிச்சையில் தொடங்கி, படிப்படியாகத்தான் ஐ.வி.எஃப் வரை போக வேண்டும் என்பது அந்த வழிகாட்டுதலின் சாரம்.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஒவ்வொரு மையமும் பதிவு செய்திருக்க வேண்டும். சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு, செலவு, பக்க விளைவு எல்லாவற்றையும் தம்பதிக்கு விளக்கி, எழுத்துபூர்வ சம்மதம் வாங்கிய பிறகே தொடங்க வேண்டும். ஆனால், ‘என்னென்ன டெஸ்ட் எடுத்தாச்சு, என்ன காரணம்னு தெரிஞ்சுதா?’ என்ற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

“தமிழ்நாட்டுல குழந்தை பிறக்கறதே குறைஞ்சுபோச்சு” என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டின் கருவள விகிதம் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தைகள். ‘ஒண்ணோ ரெண்டோ போதும்’ என்று குடும்பங்கள் தாங்களே எடுத்த முடிவு அதில் பெரும்பங்கு. அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் பதற வேண்டியதில்லை.

காசே இல்லாத முதல் டெஸ்ட்

அது பேச்சுதான். எத்தனை மாதமாக முயல்கிறீர்கள்? எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? உறவில் வலியோ சிரமமோ இருக்கிறதா? பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா? இதையெல்லாம் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டாரா?

கருத்தடை எதுவும் இல்லாமல், சீரான தாம்பத்யத்தோடு 12 மாதம் முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால்தான் மருத்துவம் அதைக் குழந்தையின்மை என்கிறது. கணவர் துபாயில், வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு என்றால், கல்யாணமாகி மூன்று வருஷம் என்பது உண்மையில் மூன்று மாத முயற்சிதான். ஒருவர் பெங்களூரில், ஒருவர் மதுரையில், ஒருவருக்கு நைட் ஷிஃப்ட் என்றாலும் இதே கணக்கு. கூச்சத்தால் வெளியே சொல்லாத உறவுச் சிக்கல்களும் நிறைய. அவற்றுக்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. யாரும் கேட்காததால் மட்டுமே ஐ.வி.எஃப் வரை போகக் கூடாது.

அடுத்தது அவருக்கு!

“எங்க பையனுக்கு என்ன குறை?” என்ற ஒற்றை வாக்கியத்தால் தள்ளிப்போகும் டெஸ்ட், விந்தணுப் பரிசோதனை. குழந்தையின்மையால் வரும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. ஊசி இல்லை, வலி இல்லை, பெரிய செலவும் இல்லை. மனைவிக்கு எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி வரை போவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

2 முதல் 7 நாள் இடைவெளிக்குப் பிறகு சாம்பிள் கொடுக்க வேண்டும். ஒரு மில்லியில் 1.6 கோடி அணுக்கள், 42% அசைவு என்பவை 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கீழ் எல்லைகள். அதற்குக் கீழே இருந்தால் ‘முடிந்தது கதை’ என்று அர்த்தமில்லை. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதத்துக்குமேல் ஆகும். இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டைக் கெடுக்கலாம். அதனால்தான், குறைவாக வந்தால் சுமார் மூன்று மாத இடைவெளியில் இன்னொரு முறை பார்க்கச் சொல்கிறார்கள்.

ஜிம் பாய்ஸ், இது உங்களுக்கு. உடம்பு ஏற்ற வெளியிலிருந்து போடும் டெஸ்டோஸ்டீரோன் ஊசி, விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். நிறுத்திவிட்டு மருத்துவர் மேற்பார்வையில் சில மாதங்கள் பொறுத்தால் பலருக்குத் திரும்பி வருகிறது. இதை டாக்டரிடம் மறைத்துவிட்டு ஐ.வி.எஃப்-க்குப் பணம் கட்டுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

அணுக்களே இல்லை அல்லது மிக மிகக் குறைவு என்றால், அங்கே டெஸ்ட்டைக் கூட்டத்தான் வேண்டும். ஹார்மோன், குரோமோசோம், ஒய் குரோமோசோமில் விடுபட்ட பகுதிகள் என்று பார்ப்பார்கள். அடைப்பா, உற்பத்திக் குறைவா என்று தெரிந்தால்தான் அடுத்த சிகிச்சையை முடிவு செய்ய முடியும். மரபணுக் காரணம் என்றால், அது பிறக்கப்போகும் மகனுக்கும் போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது உங்கள் உரிமை.

அவளுக்கு மூன்று கேள்விகள்

முட்டை வெளியாகிறதா? குழாய் திறந்திருக்கிறதா? கருப்பை சரியாக இருக்கிறதா? பெண்ணுக்கான அடிப்படை டெஸ்ட்கள் இந்த மூன்றுக்கும் பதில் தேடுபவைதான்.

முட்டை வெளியாவதில் சிக்கல் என்றால், பி.சி.ஓ.எஸ்தான் பொதுவான காரணம். உடனே ஐ.வி.எஃப் என்று பயப்பட வேண்டாம். 2023-ன் சர்வதேச வழிகாட்டுதல், இதற்கு முதல் சிகிச்சையாக லெட்ரோசோல் மாத்திரையைத்தான் சொல்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லாதபோது, ஐ.வி.எஃப் அந்த வரிசையில் பின்னால்தான் வருகிறது. தைராய்டு, புரோலாக்டின் ஆகியவற்றுக்கு எளிய ரத்தப் பரிசோதனை உண்டு. அவற்றைச் சரிசெய்ததும் தானாகவே கருத்தரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

குழாய்க்கு ஹெச்.எஸ்.ஜி எனும் எக்ஸ்ரே. “ஐ.வி.எஃப்-ல குழாயே தேவையில்லையே, அப்புறம் எதுக்கு இது?” என்று தோன்றலாம். குழாய் திறந்திருந்து, மற்றதும் நார்மல், வயதும் குறைவு என்றால், ஐ.யு.ஐ போன்ற எளிய வழிக்கு வாய்ப்பிருக்கிறது. குழாயில் நீர் கோத்து வீங்கியிருந்தாலோ, அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து ஐ.வி.எஃப் வெற்றியை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும். முதலில் அந்தக் குழாயை அகற்றியோ அடைத்தோ விட்டுத்தான் கருவை வைக்க வேண்டும். இரண்டு ரிசல்ட்டுமே ரூட்டை மாற்றுகின்றன. நம் அளவுகோலில் இது பாஸ்!

இன்னொரு சுவாரஸ்யம். நெதர்லாந்தில் 1,119 பெண்களிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், இந்த எக்ஸ்ரேவுக்கு எண்ணெய் கலந்த மருந்து செலுத்தப்பட்டவர்களில் 39.7% பேர் ஆறு மாதத்துக்குள் கருவுற்றார்கள். நீர் கலந்த மருந்துக்கு அது 29.1%. டெஸ்ட்டே சிலருக்குச் சிகிச்சையாகிறது.

ஏ.எம்.ஹெச் என்னும் பூச்சாண்டி

இன்றைக்கு அதிகம் பயமுறுத்தும் ரிப்போர்ட் இதுதான். ஏ.எம்.ஹெச், சினைப்பையில் எவ்வளவு முட்டை மிச்சம் என்பதைக் காட்டும் கணக்கு. ஐ.வி.எஃப் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும், எவ்வளவு டோஸ் வேண்டும் என்று திட்டமிட உதவும். இயற்கையாகக் கருத்தரிக்க முடியுமா என்பதை அது சொல்வதில்லை. 30 முதல் 44 வயது வரையுள்ள, குழந்தையின்மை வரலாறு இல்லாத 750 பெண்களை வைத்து 2017-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஏ.எம்.ஹெச் குறைந்தவர்களும் மற்றவர்களைப்போலவே கருத்தரித்தார்கள். 27 வயதுப் பெண்ணிடம் இந்த ஒரே ரிப்போர்ட்டைக் காட்டி, கணவரின் டெஸ்ட்கூட இல்லாமல் ஐ.வி.எஃப் என்றால், “வேற என்ன காரணம் டாக்டர்?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

நம்ம ஊருக்குக் கூடுதலா...

காசநோய் நுரையீரலை மட்டும்தான் தாக்கும் என்று நினைக்கிறோம். அது கருக்குழாயையும் கருப்பை உட்சுவரையும் சத்தமில்லாமல் கெடுக்கும். இருமல்கூட இருக்காது. குழாய் அடைப்பு, மிகக் குறைவான மாதவிலக்கு, குடும்பத்தில் காசநோய் என்று சந்தேகத்துக்கு இடமிருந்தால் பார்த்துவிட வேண்டும். அதேசமயம், அறிகுறி எதுவுமின்றி ஒரே ஒரு பி.சி.ஆர் பாசிட்டிவ்வை மட்டும் நம்பி ஆறு மாதம் மாத்திரை சாப்பிடச் சொன்னால், இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

அத்தை பையன், மாமன் மகள் கல்யாணமா? தமிழ்நாட்டில் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் 28% என்கிறது அதே தேசியக் குடும்பநல ஆய்வு. குடும்பத்தில் பரம்பரை நோய், சிறு வயது மரணம் இருந்தால், மரபணு ஆலோசனையை ஐ.வி.எஃப்-க்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. சர்க்கரை, பிரஷர், ஹீமோகுளோபின், ருபெல்லா எதிர்ப்புசக்தி ஆகியவை எல்லோருக்கும் வேண்டியவை. ருபெல்லா தடுப்பூசி போட்டால் ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதால், கடைசி நேரத்தில் பார்த்துப் பயனில்லை.

வேண்டாத டெஸ்ட்டும் உண்டு

முதல் ஐ.வி.எஃப்-க்கு முன்பே, ‘கருப்பை எப்போ கருவை ஏற்கும்னு பார்க்கிற டெஸ்ட்’, ‘என்.கே செல் டெஸ்ட்’ என்று பட்டியல் நீண்டால் உஷார். எல்லோருக்கும் வழக்கமாகச் செய்ய இவற்றுக்கு ஆதாரம் இல்லை என்பதே ஐரோப்பிய மருத்துவ அமைப்பின் 2023 பரிந்துரை. கருப்பை உட்சுவரை லேசாகச் சுரண்டும் ‘ஸ்க்ராட்ச்’ முறையையும் 1,364 பெண்களிடம் சோதித்தார்கள். செய்தவர்கள், செய்யாதவர்கள் இரு தரப்பிலும் குழந்தை பிறந்தது சரியாக 26.1% பேருக்கு. ஆய்வு வெளியான வருஷம் 2019.

எல்லாம் எடுத்தும் ‘காரணம் தெரியலை’ என்று வரும் தம்பதிகளும் கணிசம். அது டெஸ்ட் போதவில்லை என்பதற்கான அறிகுறி இல்லை. இளம் வயது என்றால், இன்னும் கொஞ்சம் இயற்கையான முயற்சி, பிறகு மாத்திரையோடு ஐ.யு.ஐ, அதன்பின் ஐ.வி.எஃப் என்று வரிசையாகப் போகலாம்.

இவங்க மட்டும் காத்திருக்காதீங்க!

‘எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான்’ என்று தள்ளிப்போடுவதும் ஆபத்து. பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாத முயற்சிக்குப் பிறகே டாக்டரைப் பாருங்கள். 40 என்றால் உடனே. இரண்டு குழாயும் அடைப்பு, விந்தணு மிகமிகக் குறைவு, தீவிர எண்டோமெட்ரியோசிஸ் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால், ஐ.வி.எஃப்தான் நேர்வழியாக இருக்கக்கூடும். அடிப்படை டெஸ்ட்கள் எல்லாவற்றையும் ஒன்றிரண்டு மாதவிலக்குச் சுழற்சிக்குள் முடித்துவிடலாம். அதற்கு வருஷக்கணக்கு ஆகிறது என்றால் எங்கோ தவறு நடக்கிறது.

கையெழுத்துக்கு முன் 5 கேள்விகள்

1. எங்களுக்கு என்ன காரணம் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள்? ரிப்போர்ட்டில் எழுதித் தருவீர்களா?

2. கணவரின் பரிசோதனை முடிந்ததா? குறைவாக வந்ததை மறுபடி பார்த்தோமா?

3. ஐ.வி.எஃப்-க்கு முன் எங்களுக்கு எளிய வழி இருக்கிறதா? இல்லை என்றால் ஏன்?

4. இந்த டெஸ்ட்டின் ரிசல்ட் வேறு மாதிரி வந்தால், நீங்கள் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள்?

5. எங்கள் வயதில், உங்கள் மையத்தில், குழந்தை பிறக்கும் வாய்ப்பு எவ்வளவு? (பாசிட்டிவ் ரிசல்ட் வேறு, குழந்தை பிறப்பது வேறு!)

இந்தக் கேள்விகளுக்கு நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், உங்கள் ரிப்போர்ட்களின் நகலை வாங்கிக்கொண்டு இன்னொருவரைப் பாருங்கள். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் இப்போது கருத்தரிப்பு மையம் இருக்கிறது. விந்தணுப் பரிசோதனை, தைராய்டு போன்ற அடிப்படை டெஸ்ட்களை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே எடுக்கலாம்.

ஐ.வி.எஃப் லட்சக்கணக்கான வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்த சிகிச்சை. தேவைப்பட்டால் தயங்காமல் போங்கள். ஆனால், ஒரு சைக்கிள் தோற்றுப்போனால் அந்த ஊசிகளின் வலியும், கடனும், “ராசியில்லாதவ” என்ற பேச்சும் பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான் விழுகின்றன. அதற்குமுன் ஒரு காலையில் இருவரும் சேர்ந்து லேபுக்குப் போங்கள். முதல் டோக்கன், கணவர் பெயரில் இருக்கட்டும்.