குறைமாதக் குழவியும் லங்கணமும்

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்பது நம் மூத்தோர் வாக்கு. உண்டு பெருத்த நமக்கு அவ்வாக்குப் பொருந்தும். மாதம் நிறையாமற் பிறந்து இருகையில் அடங்கிக் கிடக்கும் குழவிக்கும் அது பொருந்துமோ? பொருந்தும் என்றே வைத்தியர் பலர் நெடுங்காலம் கருதினர். அவர்தம் அச்சம் காரணமற்றதன்று.

நெக்ரோடைசிங் என்ட்ரோகொலைட்டிஸ் என்னும் கொடிய நோய் குறைமாதக் குழவிகளின் குடலைத் தாக்குவது. வயிறு உப்பும், மலத்திற் குருதி காணும், குடற்சுவர் மாண்டு துளைபடுதலும் உண்டு. 1,500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறப்போருள் 100-க்கு ஏறத்தாழ 5 முதல் 10 பேரை இது பற்றுகின்றது.

கருவிலே நஞ்சுக்கொடி சரிவரப் பணியாற்றாதபோது, சிசுவின் உடல் உள்ள குருதியை மூளைக்கும் இருதயத்திற்கும் முதலில் அனுப்பிவிட்டுக் குடலின் பங்கைக் குறைத்துவிடுகின்றது. பஞ்ச காலத்தில் இல்லத்தலைவி செய்யும் பங்கீடு போன்றது இது. நீரில் மூழ்கும் பிராணிகளும் இவ்வாறே செய்யும் என்பதை ஒப்புக்காட்டி, குழவியின் குடல் துளைபடுதற்கு இதுவே காரணமென 1969-ல் லாயிட் என்பார் எழுதினார். பின்னர், கொப்பூழ்க்கொடி நாடியிற் குருதி இடையிடையே நிற்பதையும் பின்னோக்கிப் பாய்வதையும் டாப்ளர் கருவி காட்டவே, அக்குழவிகளுக்குப் பால் தருவதற்கே வைத்தியர் அஞ்சினர். பால் சென்றால் குடல் மிகுந்த குருதியை வேண்டும். இல்லாத இடத்தில் வேண்டினால் என்னாகும் என்பது அவர் வாதம்.

வாதம் அழகியதே. ஆயினும் சோதனையில் அது நிற்கவில்லை. 2012-ல் வெளிவந்த அடெப்ட் ஆராய்ச்சி, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இத்தகைய 404 குழவிகளை, 2-ஆம் நாளிற் பால் தொடங்குவோர், 6-ஆம் நாளில் தொடங்குவோர் என இரு கூறாக்கிற்று. முற்படத் தொடங்கியதால் நோய் மிகுந்ததென்று தெளியப்படவில்லை. முழுப் பாலுணவை அவர்கள் சுமார் 3 நாள் முன்னரே எட்டினர். 29 வாரம் நிறையுமுன் பிறந்தோர் பாலை மிக மெதுவாகவே ஏற்றனர் என்பதையும் மறைத்தலாகாது. அவர்க்கு அளவைச் சுருக்குவதே தகும். அறவே நிறுத்துவது தகாது. உணவு பெறாத குடலின் உட்சவ்வு மெலிகின்றது. இரத்தக் குழாய் வழியே நெடுநாள் ஊட்டினாலோ, அவ்வழியே கிருமியும் புகுகின்றது.

அன்றியும் இந்நோய் பெரும்பாலும் பிறந்து சில வாரங் கழித்தே தோன்றுகின்றது. குருதிக் குறைவொன்றே காரணமாயின், பிறந்த உடனேயன்றோ தோன்றவேண்டும்? முதிராத குடற்சுவரும் அங்குக் குடியேறும் கிருமிகளும் உடன் சேர்ந்தே கேடு விளைக்கின்றன.

ஆகவே, பால் தரலாமா என்று தயங்குவதினும் எப்பாலைத் தருவது என்று கேட்பதே முறை. இங்கிலாந்தில் லூக்காஸ், கோல் இருவரும் 926 குறைமாதக் குழவிகளை ஆராய்ந்து 1990-ல் வெளியிட்ட முடிவு யாவரும் அறியத்தக்கது. டின் பாலை மட்டும் உண்டோர்க்கு, மனிதப் பாலை மட்டும் உண்டோரினும் 6 முதல் 10 மடங்கு இந்நோய் மிகுந்திருந்தது. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-லேயே தாய்ப்பால் வங்கி எழுந்தது. இரத்த வங்கிக்கு நாம் தரும் மதிப்பில் ஒரு பாதியேனும் பால் வங்கிக்குத் தருகின்றோமா? தாயை ஒரு வார்டிலும் சேயை வேறொரு மாடியிலும் கிடத்திவிட்டு, பால் சுரக்கவில்லையென்று டின்னைத் திறப்பது எவ்வகை வைத்தியமோ அறியேம்.

இக்கல்லூரியினின்று வைத்தியம் பயிலச் செல்லும் மாணவர், தாம் பணிபுரியும் இடத்திற் பால் வங்கி உண்டா என்று முதலிற் கேட்பாராக. தாயின் கட்டில் எங்கே போடப்பட்டிருக்கிறதென்று அடுத்துக் கேட்பாராக.