குளத்தங்கரையில் ஒரு நோட்டு

போன வாரம் பூச்சந்தைப் பக்கத்து டீக்கடையில் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்க பேரன் புஸ்தகத்தைத் தொடுகதே இல்லையோ? ஞாயித்துக்கெழம விடியக்காலம் தேரூர் குளத்தங்கரையில நிக்கான். அதுக்கு முந்தின வாரம் சுசீந்திரத்தில நின்னானாம். பிளஸ் ஒன் படிக்க பையன், கொக்கு பாத்து என்ன ஆகப்போவுது?"

அக்கறையில் கேட்ட கேள்விதான். ஆறு மாதம் முன்பு வரை நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அவனைத் தடுப்பதற்கு முன் அப்படி என்னதான் செய்கிறான் என்று பார்த்துவிடுவோம் என்று ஒரு மார்கழி விடியலில் நானும் கிளம்பினேன். அவன் சைக்கிளில், நான் ஆட்டோவில். தேரூர் கரையில் இறங்கும்போது இன்னும் வெளுக்கவில்லை. பையில் பழைய பைனாகுலர் ஒன்று, தண்ணீர்ப் பாட்டில், நாற்பது பக்க நோட்டு. "பாட்டா, சத்தம் போடாம இரியுங்க" என்று என்னைக் கரையில் உட்கார வைத்துவிட்டுத் தன் வேலையைத் தொடங்கினான்.

நான் நினைத்திருந்தது வேறு. அழகான பறவையைக் கண்டால் வாயைப் பிளந்து நிற்பான், செல்போனில் படம் பிடிப்பான் என்று எண்ணியிருந்தேன். அவனோ முதலில் தேதியும் நேரமும் எழுதினான். தண்ணீர் கரையில் எதுவரை நிற்கிறது என்று எழுதினான். தாமரை குளத்தில் எவ்வளவு பாகத்தை மூடியிருக்கிறது என்று எழுதினான். அதன் பிறகுதான் பறவைகள். நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, சிறு நீர்க்காகம், பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை, தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி. கூட்டமாக இருந்தால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அதை வைத்து மொத்தத்தைக் கணக்கிடுகிறான். தெரியாத பறவைக்கு நேரே பெயர் போடாமல், கால் நிறம், அலகு வளைவு என்று அடையாளம் மட்டும் எழுதுகிறான். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதப்பிடாது பாட்டா" என்றான். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளில் குறிப்பெழுதிய எனக்கு அந்த வார்த்தை கொஞ்சம் உறுத்தியது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சரணாலயம், காப்பகம் என்றெல்லாம் சொல்கிறோம். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டு ஏதோ காடு என்று நினைத்துக்கொள்வார்கள். நம் சுசீந்திரமும் தேரூரும் வேம்பனூரும் மனிதர் வெட்டிய பாசனக் குளங்கள். நாஞ்சில் நாட்டுக் குளங்களின் பெயர்கள் 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டிலேயே வருகின்றன; பசுங்குளம், பெருங்குளம் என்று கேட்கவே குளிர்ச்சியான பெயர்கள். 1906-ல் பேச்சிப்பாறை அணை முடிந்த பிறகு சானல் வழியாக வந்த தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து இந்தக் குளங்களை நிறைத்தன. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்தது. வயலில் நத்தையும் நண்டும் தவளையும் இருந்ததால் பறவை வந்தது. வடக்கிலிருந்து பறவைகள் வந்திறங்குகிற காலமும் நம் கும்பப்பூக் காலமும் ஒன்றுதான். உழவன் இல்லாமல் இந்தப் பறவைகள் இங்கே வந்திருக்காது. வேலி போட்டு உழவனை வெளியே நிறுத்திவிட்டுப் பறவையைக் காப்பாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவர் நாஞ்சில் நாட்டை அறியாதவர்.

2022-ல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் உலக ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ராம்சர் என்பது ஈரான் நாட்டில் உள்ள ஓர் ஊர். 1971-ல் அங்கேதான் ஈரநிலங்களைக் காக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுசீந்திரம் தேரூரின் பரப்பு சுமார் 94 ஹெக்டேர், வேம்பனூர் 20 ஹெக்டேர்கூட இல்லை. இந்தப் பகுதியில் ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. பெருமைதான். ஆனால் அந்த 250 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ விடியலில் எழுந்து, கரையில் கொசுக்கடி வாங்கி, நோட்டில் எழுதியதால் வந்த எண் அது.

தை மாதம் அவன் என்னை மணக்குடிக்கும் புத்தளம் உப்பளத்துக்கும் அழைத்துப்போனான். பழையாறு கடலில் கலக்கிற இடம். உப்புப் பாத்திகளில் நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த காலோடு நின்றுகொண்டிருந்தன. சில வருஷங்களில் பூநாரையும் வருமாம். அன்று எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. திரும்பும் வழியில் வயலோர மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான் குருவிகள். எனக்கு ஒரே சந்தோஷம். என் பள்ளிப்படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 'இரோந்தெல்' என்று இந்தக் குருவியைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. கோடை முடிந்ததும் கம்பியில் கூடித் தெற்கே பறந்துவிடும் என்று படித்தோம். தெற்கே என்றால் எங்கே என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "மக்கா, பிரான்சிலிருந்து பறந்து நம்ம ஊருக்கு வந்திருக்கு பாரு" என்றேன். அவன் சிரித்துவிட்டான். "பாட்டா, பிரான்ஸ் குருவி ஆப்பிரிக்காவுக்குப் போவும். இங்க வாறது இமயமலைப் பக்கத்திலயும் அதுக்கு வடக்கயும் கூடு கட்டுகதாக்கும்."

அறுபது வருஷமாக மனதில் வைத்திருந்த ஒரு பாடத்தைப் பதினாறு வயதுப் பையன் ஒரு நிமிஷத்தில் திருத்தினான். குளத்தங்கரையில் அவன் படிக்கவில்லை என்று யார் சொன்னது?

மாசியில் கூந்தன்குளம் போனோம். திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரிப் பக்கம். 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே பறவை குளத்தோடு நிற்கவில்லை. தெருவிலும் வீட்டுக் கொல்லையிலும் உள்ள மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டுகிறது. எச்சம், வாடை, சத்தம் எல்லாவற்றையும் ஊர் பொறுத்துக்கொள்கிறது. பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். வேடந்தாங்கலும் அப்படித்தான். பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள். 1858-ல் அது மறுபடி உறுதி செய்யப்பட்டது. வாய்வார்த்தை நிற்காது, தாளில் இருந்தால் நிற்கும் என்பது அந்த உழவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன், எந்த அலுவலகம், எந்த ஊர் என்பது வேண்டாம், என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. ஒரு சிறு குளத்தை நிரவிக் கட்டடம் கட்ட வேண்டும். புலத்தணிக்கை செய்தவர் அறிக்கையில் 'நீரின்றி, பயன்பாடின்றிக் கிடக்கிறது' என்று இருந்தது. தணிக்கை நடந்தது சித்திரை மாதம். அணையை அடைத்த பிறகு சித்திரையில் எந்தச் சின்னக் குளத்தில்தான் தண்ணீர் நிற்கும்? எனக்கு அது தெரியும். ஆனாலும் நான் போய்ப் பார்க்கவில்லை. அதே வாசகத்தை அழகான கையெழுத்தில் குறிப்புத் தாளில் ஏற்றி, ஆணைக்குச் சமர்ப்பித்தேன். கோப்பு நகர்ந்தது. குளம் போயிற்று. இன்று மழைக்காலத்தில் அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று கேள்விப்படுகிறேன்.

நான் லஞ்சம் வாங்கவில்லை, பொய்க் கையெழுத்தும் போடவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினேன், அவ்வளவுதான். அந்தக் கோப்பில் ஒரே ஒரு தாள் எதிராக இருந்திருந்தால், அதாவது ஐப்பசியில் இத்தனை அடி தண்ணீர், மார்கழியில் இன்னின்ன பறவை, தையில் இத்தனை வயலுக்குப் பாய்ந்தது என்று தேதி போட்ட ஒரு தாள், அந்த வாசகத்தை நான் எழுதியிருக்க முடியாது. எழுதினாலும் மேலே இருந்தவர் திருப்பி அனுப்பியிருப்பார். அப்படி ஒரு தாளை எழுத அன்று யாரும் கரையில் நிற்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், குளத்துக்குக் காவல் கம்பிவேலி அல்ல, நோட்டு. சாலிம் அலி 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைகளைக் கணக்கெடுத்தபோது நம் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்தது. அவர் எழுதி வைத்ததை இன்றைக்கும் எடுத்து ஒப்பிடலாம். நம் வயல்கள் வீட்டுமனையாகவும் தென்னந்தோப்பாகவும் மாறியதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். எது எந்த வருஷம் போயிற்று என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

நண்பரின் கவலையை நான் ஒதுக்கவில்லை. பரீட்சை முக்கியம்தான். அதற்கு வாரத்தில் ஆறு நாள் இருக்கிறது. தனியாகக் குளத்தங்கரைக்குப் போவதில் ஆபத்தும் உண்டு. பாம்பு உண்டு, சகதி உண்டு. ஒரு துணையோடு போக வேண்டும், தண்ணீரில் இறங்கக் கூடாது என்று வீட்டில் கட்டளை போட்டிருக்கிறோம். இன்னொன்றும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். படம் எடுக்கிற ஆசையில் கூட்டருகே போகிறவர்கள், பறவை பறக்கட்டும் என்று கல்லெறிகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேராதே என்று.

மற்றபடி, பெரியவர்களான நமக்குத்தான் வேலை இருக்கிறது. வருஷம்தோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிஷம் நின்று கண்டதை எழுதினால் போதும். வீட்டு முற்றமானாலும் சரி. பிள்ளைகளுக்குப் பறவையின் பெயர் தெரியும். நமக்குக் குளத்தின் பெயர் தெரியும், மடை எங்கே இருந்தது, மறுகால் எந்த வழியாக ஓடியது என்று தெரியும். இரண்டும் ஒரே நோட்டில் ஏற வேண்டும். நாம் போனபின் மடையைக் காட்ட ஆள் இருக்காது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நானும் போகிறேன். பறவைப் பக்கம் அவனுடையது. எதிர்ப்பக்கத்தில் குளத்தின் பெயரும், சுற்றியிருந்த வயல்களின் பெயரும், எனக்கு நினைவிருக்கிற வரை நான் எழுதுகிறேன். நினைவில்லாத இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறேன். டீக்கடை நண்பருக்குத் தேரூர்ப் பக்கத்து வயல்கள் எல்லாம் அத்துப்படி. அடுத்த வாரம் அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.